பெயர் சொல்லி மட்டும் அழைக்கவும்

மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். 'மாற்றத்தை நிர்வகிப்பது எப்படி' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள், திரையில் படம் போட்டு அம்புக்குறி வைத்து விளக்குவீர்கள். நான் ஒரே தொழிற்சாலையில் பணியாளர் அதிகாரியாக இருந்து, தலை நரைக்கும் வரை சுற்றறிக்கை எழுதியவன். அவற்றில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்பட்டால் சரி.

திருப்பதியிலிருந்து சென்னைக்குப் போகிற சாலையில், வடமாலபேட்டையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் தொழிற்சாலை வரும். அட்டைப்பெட்டி செய்கிற இடம். சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் டப்பாக்கள் எங்கள் பெட்டிகளில் ஏறித்தான் ஊர் ஊராகப் போயின. உள்ளே நுழைந்தாலே ஈர அட்டை வாசமும் காய்ச்சிய மாவுப் பசை வாசமும் கலந்து வரும். அந்த வாசம் சட்டையோடு வீட்டுக்கும் வந்துவிடும். என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு என் சட்டைகளைத் தனியாக ஊறவைப்பாள். இப்போது திருப்பதியில் அலிபிரிப் பக்கம் காலையில் நடக்கும்போது, சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசை வாளியோடு வந்தால் நான் நின்றுவிடுகிறேன். நடைக்கு வருகிற நண்பர்கள் எனக்கு மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தெலுங்கு, பாதிப் பேர் தமிழ். நகரி, புத்தூர், பாலசமுத்திரம் என்று பல ஊர்களிலிருந்து கம்பெனி வேனில் வருவார்கள். ஒருவர் ஒரு மொழியில் பேச்சைத் தொடங்கினால் அதே மொழியில்தான் முடிப்பார் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் இந்தக் கூட்டத்தைக் கட்டி வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. அதற்கு 'முறை வைப்பது' என்று பெயர்.

புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால், முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவரை விசாரிப்பார்கள். எந்த ஊர், அங்கே எந்தப் பக்கம், யாரைத் தெரியும் என்று கேட்டு, எங்கேயோ ஒரு நூலைப் பிடித்து ஒரு உறவைச் சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து அவர் சிலருக்கு அண்ணா, சிலருக்கு மாமா, சிலருக்கு வதினா, அதாவது அண்ணி. ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் முறை வைக்கும் வரை யாரும் உங்களுக்கு வேலை கற்றுத்தர மாட்டார்கள். வைத்துவிட்டால் பிறகு விடவும் மாட்டார்கள்.

எனக்கு முறை வைத்தவர் ராஜம்மா. பசை காய்ச்சும் கொட்டகையில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பெரிய குரல், பெரிய மனசு, அதைவிடப் பெரிய வாய்.

"எந்த ஊரு நைனா நீ?"

"சித்தூர்ங்க."

"சித்தூர்ல எங்க?"

சொன்னேன்.

"அட, என் தங்கச்சிய அந்தத் தெருவுலதான் குடுத்துக்கீறோம். அப்போ நீ எனக்குப் பாவா!"

அவ்வளவுதான். பாவா என்றால் தெலுங்கில் மச்சான். நான் டை கட்டிய அதிகாரி. மறுநாள் வெளியாட்களோடு சுற்றி வந்துகொண்டிருக்கும்போது கொட்டகையிலிருந்து குரல் வந்தது. "இன்னா பாவா, சோறு துன்ட்டியா?" மொத்தக் கூடமும் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அன்று மதியம் நான் கேட்காமலேயே என் மேசைக்கு மோர் வந்தது. அதன் பிறகு யார் வீட்டில் என்ன கஷ்டம், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் எனக்குத் தானாகவே வந்து சேர்ந்தது. எந்தப் புகார்ப் பெட்டியும் அத்தனை விஷயத்தை எனக்குத் தந்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அதை மறைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வசந்தா என்ற பெண் பாலசமுத்திரத்திலிருந்து வேலைக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். முதல் நாள் சாப்பாட்டில் ராஜம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

"பாலசமுத்திரத்துல எங்க?"

"காலனி."

ராஜம்மா 'ம்' என்றார். பிறகு ஊறுகாயைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். வசந்தாவுக்கு யாரும் முறை வைக்கவில்லை. எல்லோரும் அவரை 'ஏ வசந்தா' என்றே கூப்பிட்டார்கள். அவர் மற்றவர்களை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அன்று இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் என் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன்.

சில வருடங்கள் கழித்துக் கம்பெனி கைமாறியது. புது மேலாளர் ஹைதராபாத்திலிருந்து வந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர். அவரைக் கெட்டவராக்கிக் கதை சொல்வது எனக்குச் சுலபம், ஆனால் அது நிஜமில்லை. வந்த ஒரு மாதத்தில் அவர் எங்கள் 'முறை'யின் ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிட்டார். மாமா முறை உள்ள மேற்பார்வையாளர் மருமகன் முறை உள்ளவன் தாமதமாக வந்தால் கண்டுகொள்வதில்லை. சுலபமான வேலை உறவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. "எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அப்போதுதான் எல்லோரும் சமம்" என்றார்.

எனக்கு உடனே வசந்தாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. இதைச் செய்தால் அந்தப் பெண்ணுக்கும் ஒரு நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மூன்று மொழிகளில் சுற்றறிக்கை எழுதினேன். 'உறவுமுறைச் சொற்களைத் தவிர்த்து, ஒருவரையொருவர் பெயர் சொல்லி மட்டும் அழைக்கவும்.' பெரிய எழுத்தில் பெயர் பொறித்த அட்டைகளை எல்லோருடைய சட்டையிலும் குத்தினோம். ராஜம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ உன்ன இன்னான்னு கூப்புடறது பாவா?"

"பேர் சொல்லுங்க."

"போ பாவா, என் வாயில வராது."

முதல் வாரம் சிரிப்பும் கூத்துமாகப் போனது. பிறகு அடங்கிவிட்டது. மூன்று மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. கூடம் முன்னைவிட அமைதியாக இருந்தது. 'பணியாளர்கள் மாற்றத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டனர்' என்று அறிக்கை எழுதினேன்.

அந்த அறிக்கை எழுதிய வாரம்தான் ராஜம்மா ஒரு நாள் என் அறைக்கு வந்து கதவருகில் நின்றார்.

"பஞ்சிங் மெஷின்ல அந்த வசந்தா இருக்குதே, அது இப்போ யாரையும் கூப்புடறதே இல்ல, கவனிச்சியா?"

"ஏன்?"

"நீ பேப்பர்ல எழுதினியேன்னு அது மொத நாளே அந்த மூத்த ஆபரேட்டர 'சித்தய்யா'ன்னு பேர் சொல்லிக் கூப்புட்டுடுச்சி. அந்தாளு திரும்பியே பாக்கல. அன்னிலேர்ந்து அந்த செக்‌ஷன்ல ஒருத்தரும் அதுங்கூட பேசறது இல்ல. அண்ணான்னு கூப்புட்டா நீ மெமோ குடுப்ப. பேர சொன்னா இவங்க மொறைக்கிறாங்க. அதான் ஊமையாட்டம் கீது."

"புதுசு இல்லையா, பழகிடும்" என்றேன். அறிக்கை அதற்குள் மேலிடத்துக்குப் போயிருந்தது. ராஜம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அப்போதே எழுந்து பஞ்சிங் பிரிவுக்கு நடந்து போயிருக்க வேண்டும். நூறு அடி தூரம்கூட இருக்காது. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலையிடத்தில் திடீரென்று சத்தம் குறைந்தால் எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. யாரோ பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள்.

பஞ்சிங் இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கனமான இரும்புத் தட்டுகள் நிமிர்ந்து நிற்கும். திறக்கும்போது அட்டையை உள்ளே வைப்பார்கள். மூடும்போது அது பெட்டி வடிவத்தில் வெட்டுப்படும். திறந்து மூடுகிற இடைவெளிக்குள் கை போய் வர வேண்டும். அந்தப் பிரிவின் மூத்த ஆபரேட்டர்தான் சித்தய்யா. ஐம்பதைத் தாண்டியவர். பத்து விரலும் முழுசாக இருந்த பஞ்சிங் ஆபரேட்டர் என்று அவருக்கு வெளியிலும் பெயர் இருந்தது. வசந்தா அவருடைய இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, வெட்டி வரும் அட்டைகளின் ஓரக் கழிவைத் தட்டிவிட்டு அடுக்குவார்.

எங்கள் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து செய்துவந்த ஒரு தவறும் இருந்தது. மின்சாரம் போனால் இயந்திரத்தின் சுவிட்ச் தானாக விழுந்துவிட வேண்டும், வந்த பிறகு ஆள் போய்ப் போட வேண்டும். கோடையில் ஒரு நாளைக்குப் பத்து முறை மின்சாரம் போகும். ஒவ்வொரு முறையும் யார் எழுந்து போவது? ஒரு சின்ன அட்டைத் துண்டை மடித்து சுவிட்சுக்குள் செருகி வைத்துவிடுவார்கள். மின்சாரம் வந்தால் இயந்திரம் தானாக ஓடும். அட்டைக் கம்பெனியில் அட்டைக்கா பஞ்சம்?

மாம்பழ சீசன் உச்சத்தில் இருந்தது. கூழ் கம்பெனிகளின் லாரிகள் கேட்டுக்கு வெளியே பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தன. காலை பதினொரு மணிக்கு மின்சாரம் போனது. தட்டுகள் திறந்த நிலையில் நின்றன. உள்ளே ஒரு அட்டைக் கிழிசல் சிக்கியிருந்ததைப் பார்த்து, சித்தய்யா இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டு அதை உரிக்க ஆரம்பித்தார். சுவிட்சில் செருகிய அட்டைத் துண்டு அவருக்கு மறந்துபோனது.

வெளியே ஜெனரேட்டர் உறுமத் தொடங்கிய சத்தம் வசந்தாவுக்குக் கேட்டது. இன்னும் சில நொடிகளில் கூடத்துக்கு மின்சாரம் வந்துவிடும். சுவிட்ச் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு அட்டை அடுக்கு. கூப்பிட வேண்டும். எப்படிக் கூப்பிடுவது? இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். அண்ணா என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றதாம். பெயர் அதற்குப் பின்னால் வந்து நின்றதாம். இரண்டும் சிக்கிக்கொண்டபோது, யோசிக்காமல் அடிவயிற்றிலிருந்து வந்தது வேறொன்று.

"டேய்! கைய எட்றா!"

சித்தய்யா நெருப்பாகத் திரும்பினார். ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. தன்னை இப்படிக் கூப்பிட்டது யார் என்ற கோபத்தில்தான் இரண்டு கைகளையும் வெளியே இழுத்துக்கொண்டு திரும்பினார். அந்தக் கணத்தில் மின்சாரம் வந்தது. தட்டு மூடியது. உள்ளே இருந்த கிழிசல் சீராக வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தது.

நான் ஓடிப்போனபோது சித்தய்யா தரையில் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தா அட்டை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ இருவருக்கும் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே நல்லபடியாக முடிந்திருக்கும். நான் சுவிட்சிலிருந்த அட்டைத் துண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, விபத்து அறிக்கை எழுத வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் சித்தய்யாவிடம் யாரோ ஒரு வார்த்தை விட்டிருக்கிறார்கள். காலனிப் பெண் உன்னை எல்லோருக்கும் எதிரில் 'டேய்' என்றாளே என்று. மதியம் பஞ்சிங் பிரிவு வேலையைத் தொடங்கவில்லை. நான்கு பேர் என் அறைக்கு வந்தார்கள். பின்னால் சித்தய்யாவும் வந்து நின்றார். முன்னால் நின்றவன்தான் பேசினான்.

"அவ மன்னிப்பு கேக்கணும் சார். இல்லாங்காட்டி அவள அனுப்பிடணும். பேர் சொல்லிக் கூப்புடுன்னீங்க, சரி. இப்போ டேய்ன்றா. நாளைக்கு இன்னா சொல்லுவா?"

வசந்தாவைக் கூப்பிட்டேன். வந்து சுவரோரமாக நின்றார். கேட்டிலிருந்து லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டுவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் வசந்தா வீட்டில் அடுப்பு எரிந்தது. அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் எனக்குப் பழகிய அந்த மெல்லிய குரலில் சொன்னேன்.

"ஒரு வார்த்தை கேட்டுடும்மா. வேலை ஓடணும் இல்ல?"

அவர் என்னைப் பார்த்தார். சித்தய்யாவைப் பார்க்கவில்லை. "தப்பயிந்தி, க்ஷமிஞ்சண்டி" என்று தெலுங்கில் சொன்னார். தப்பாகிவிட்டது, மன்னியுங்கள். தன் தமிழில் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஐந்து நிமிடத்தில் இயந்திரம் ஓடியது. சாயங்காலம் லாரிகள் கிளம்பின. "நன்றாகச் சமாளித்தீர்கள்" என்று மேலாளர் கைகொடுத்தார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வசந்தா வரவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு நான் பாலசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். உட்கார நாற்காலி போட்டார். வேலைக்கு வாம்மா என்றேன்.

"வரேன் சார். ஒண்ணே ஒண்ணு சொல்லு. மறுபடி அந்த மாதிரி ஆச்சின்னா நான் இன்னான்னு கூப்புடணும்? நீதான் எல்லாம் எழுதற ஆளு. அத்தயும் எழுதிக் குடு."

திரும்பி வரும் வழியெல்லாம் அதுதான் காதில் இருந்தது. பழையபடி முறைக்கே போகலாம் என்றால், அதில் அவருக்கு இடமே இருந்ததில்லை. என்னுடைய சமத்துவத்திலோ, பெயர் சொல்லும் தைரியத்தை எல்லோரிலும் பலமில்லாதவர் தலையில் ஏற்றிவிட்டு நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.

மேலாளரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன், ராஜம்மா எச்சரித்ததையும் சேர்த்து. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு அறிவிப்பு எழுதினோம். ஆபத்தைப் பார்த்தால் யாரும் யாரையும் எந்தச் சொல்லாலும் கூப்பிடலாம். அதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. வசந்தாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது நிர்வாகத்தின் தவறு. கடைசி வரியை நான்தான் சேர்த்தேன். அன்றே எல்லா சுவிட்சுகளிலிருந்தும் அட்டைத் துண்டுகளைப் பிடுங்கி எறிந்தோம்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பாலசமுத்திரம் போனேன். வசந்தா நின்றபடியே தெலுங்கில் இருந்ததை முழுவதும் படித்தார்.

"நல்லாக்கீது சார். நான் எல்லார் எதிர்லயும் நின்னு சொன்னேன் இல்ல? இத்தயும் எல்லார் எதிர்லயும் படிக்கணும். நீ இல்ல. அவர் படிக்கட்டும். அன்னிக்கே வேன் ஏறிடறேன்."

மறுநாள் சித்தய்யாவை அறைக்குக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சதவமண்டே சதுவுதானு சார். கானி ஆமெ முந்து காது" என்றார். படிக்கச் சொன்னால் படிக்கிறேன், ஆனால் அவள் எதிரில் முடியாது என்று அர்த்தம்.

"சரி, பார்க்கலாம்" என்றேன்.

சீசன் முடியட்டும் என்று நினைத்தேன். மறுபடி பிரிவில் வேலை நின்றால் என்ன செய்வது என்று பயந்தேன். அறிவிப்பைப் பலகையில் ஒட்டிவிட்டுக் காத்திருந்தேன். சீசன் முடிவதற்குள் வசந்தா தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வருடங்கள் ஓடின. நான் ஓய்வுபெற்ற நாளில் கூடத்திலேயே சின்ன விழா வைத்தார்கள். ராஜம்மா அதற்கென்றே புத்தூரிலிருந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி 'பாவா' என்று கூப்பிட்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு சித்தய்யா மாலை போட வந்தார். இரண்டு கைகளாலும் தூக்கிப் போட்டார். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருடம் கேட்காததை அப்போது கேட்டேன்.

"வசந்தாவை ஞாபகம் இருக்கா சித்தய்யா?"

"தெனமும் சார். காத்தால சட்ட பொத்தான் போடும்போது."

"அப்போ அன்னைக்கு ஏன் படிக்கல?"

அவர் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க ஒரு வாட்டி கேட்டீங்க. நான் முடியாதுன்னேன். அதோட வுட்டுட்டீங்க. இன்னொரு வாட்டி கேட்டிருந்தா படிச்சிருப்பேன் சார்."